பிறக்காத பிள்ளைக்குப் பரிவு, பிறந்த பிள்ளைக்கு?

மணப்பாட்டு மணற்குன்றின் மேல் கடலைப் பார்த்தபடி நிற்கிறதே திருச்சிலுவைக் கோவில், அதை அறியாத தோழர்கள் திருச்செந்தூர் வட்டாரத்தில் இருக்கமாட்டார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய கரை அது. அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பாதுகாப்பு சும்மா கிடைக்கவில்லை. மூச்சை அடக்கி மூழ்கினவன் எடுத்த முத்துக்கு வரி கேட்டார்கள். அந்த வரிப்பணத்தில் ஒரு பங்கு, கடல் கடந்து போய், போர்த்துக்கல் ராணியின் காலணிச் செலவுக்கு என்றே ஒதுக்கப்பட்டது. சவேரியார் என்ன செய்தார்? அந்தக் காலணிப் பணத்தை இக்கரைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்குத் தர வேண்டும் என்று கேட்டார், வாங்கியும் கொடுத்தார்.

அவருடைய சமயத்தில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். பிள்ளைகளிடம் அக்கறை உண்டு என்று சொன்ன அந்த மனிதர், பணம் எங்கே போகிறது என்று பார்த்தார். அங்கே போய்க் கேட்டார். வாயால் இரக்கப்படுவது எவருக்கும் எளிது. ராணியின் காலணிப் பணத்தில் கை வைப்பதுதான் கஷ்டம்.

இந்த உரைகல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, கருக்கலைப்பு கூடாது, கரு என்பது உயிர், உயிரைக் காப்போம் என்று மேடை மேடையாய் முழங்கும் அரசியல்வாதிகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

ஊருக்கு உபதேசம்

முதலில் அமெரிக்கா. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1973-ல் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமை என்றது. அதே நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று அந்த உரிமையைப் பிடுங்கி, மாநிலங்கள் இஷ்டம்போல் தடை போடலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு பிறந்த மாநிலம் மிசிசிப்பி. அமெரிக்க மாநிலங்களில் சிசு மரணம் மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் அது ஒன்று. தீர்ப்பு வந்த அதே 2022-ல், ஏழைத் தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டு வரை இலவச வைத்திய வசதி தரலாம் என்ற யோசனை அந்த மாநிலச் சட்டசபையில் வந்தது. நிறைவேற்றாமல் விட்டார்கள். அடுத்த ஆண்டு, ஊரார் காறித் துப்பிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். கருவைக் காக்கத் துடித்த கைகள், தாய்க்கு மருந்து வாங்கப் பணப்பையைத் திறக்க ஓராண்டு நடுங்கின.

தனி மனிதர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். ரொனால்டு ரீகன் 1967-ல் கலிபோர்னியா கவர்னராக இருந்தபோது கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். ஜனாதிபதி நாற்காலிக்கு ஆசைப்பட்டபோது அதே கையை உயர்த்தி அதை எதிர்த்தார். டிம் மர்பி என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினர், பென்சில்வேனியாக்காரர். இருபது வாரத்துக்கு மேல் கருக்கலைப்பே கூடாது என்ற மசோதாவை ஆதரித்து முன்மொழிந்தவர்களில் ஒருவர். 2017 அக்டோபரில் அந்த மசோதாவுக்கு அவர் ஓட்டுப் போட்ட அன்றைக்கே பத்திரிகையில் செய்தி வந்தது: தாம் தொடர்பு வைத்திருந்த பெண்ணுக்குக் கரு உண்டாகியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபோது, அதைக் கலைத்துவிடு என்று சொன்னவர் அதே மர்பி! அந்த மாதமே பதவியை விட்டு ஓடினார். ஊரான் வீட்டுப் பெண்ணுக்குச் சட்டம்; தன் சங்கதி என்றால் சலுகை!

கப்பலேறினால் பாவமில்லை

அயர்லாந்தில் நடந்தது இதைவிடக் கேவலம். 1983-ல் அரசியல் சட்டத்திலேயே கருக்கலைப்புத் தடையை எழுதி வைத்தார்கள். பிறகு 1992-ல் இன்னொரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வெளிநாடு போய்க் கலைத்துக்கொள்வதைத் தடுக்கமாட்டோம் என்பது அதன் பொருள். ஊருக்குள் செய்தால் கொலை. கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்ச் செய்தால் உரிமை! ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அப்படிக் கடல் தாண்டினார்கள். பயணச் செலவுக்குப் பணம் இல்லாதவள்? அவளுக்குத்தான் சட்டம்.

நம் கர்நாடகத்துப் பெல்காமிலிருந்து அங்கே போன பல் டாக்டர் சவீதா ஹாலப்பனவர், 2012 அக்டோபர் 28 அன்று கால்வே ஆஸ்பத்திரியில் செத்தார். வயது 31. கரு பிழைக்காது என்று டாக்டர்களுக்கே தெரியும். ஆனாலும் இருதயம் துடிக்கிறதே, சட்டம் இடம் தராதே என்று காத்திருந்தார்கள். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. பிழைக்காத கருவுக்காகப் பிழைத்திருக்க வேண்டிய பெண்ணைப் பறிகொடுத்த பிறகே அந்த நாடு விழித்தது. 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் தடையை நீக்கச் சொன்னார்கள்.

மதவாதிகள் மட்டும்தான் இதைச் செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சோஷலிசம் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட ருமேனியாவில் சவுசெஸ்கு சர்க்கார், ஜனத்தொகை பெருக வேண்டும் என்று 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தது. பெண்கள் திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் செத்தார்கள் என்று ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தைகளால் அனாதை விடுதிகள் நிரம்பி வழிந்தன. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு முதல் வேலையாகச் செய்தவற்றில் ஒன்று, அந்தத் தடையை ரத்து செய்தது. கொடி எந்த நிறமாயிருந்தாலும், பெண்ணின் வயிற்றைச் சர்க்கார் சொத்தாக நினைத்தால் விளைவு ஒன்றுதான்.

சர்க்காரின் இரண்டு நாக்கு

நம் நாட்டில் அப்படித் தடை இல்லையே, 1971-லேயே சட்டம் செய்துவிட்டோமே என்று சிலர் மார்தட்டலாம். உண்மைதான். சாந்திலால் ஷா கமிட்டி 1966-ல் அறிக்கை கொடுத்தது. 1971-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. கம்பியாலும் வேராலும் கலைக்கப் போய்ச் செத்துக்கொண்டிருந்த பெண்களில் பலரை அது காப்பாற்றியது. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் யாருக்காகச் செய்தார்கள்? சட்டத்தின் வாசகமே காட்டிக்கொடுக்கிறது. கருத்தடைச் சாதனம் தவறிப்போய் உண்டான கருவைக் கலைக்கலாம் என்ற ஷரத்தில், மணமான பெண்ணோ அவள் புருஷனோ குழந்தைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சாதனம் உபயோகித்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். பெண்ணுக்கு வேண்டாம் என்பதால் அல்ல. சர்க்காருக்கு எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதால்! கர்ப்பத்தடை என்பது நாட்டின் வறுமைக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று பெரியார் 1930-களிலேயே சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் டில்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்ணிக்கையே குறி என்றால் என்ன நடக்கும்? நெருக்கடி நிலையில் பார்த்தோம். 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் ஏழைகள். பஸ் நிறுத்தத்திலும் சந்தையிலும் பிடித்துப் போனார்கள்.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. இரண்டுக்கு மேல் பெற்றவன் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994-ல் சட்டம் போட்ட ஆந்திரத்தில், 2024-ல் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சட்டமும் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. அதே 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண மேடையில், தமிழ்நாட்டு முதலமைச்சர் பொறுப்பிலிருந்த ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறும் பெறலாமே என்ற எண்ணம் வருகிற நிலை என்று பேசினார். டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், மூன்று பிள்ளை வேண்டும் என்றார். ஒருவருக்குத் தொகுதிக் கணக்கு, ஒருவருக்கு முதியோர் கணக்கு, ஒருவருக்குச் சமுதாயக் கணக்கு. பெற்று வளர்க்கப்போகிறவளின் கணக்கை யார் கேட்டார்கள்? நேற்று, குறை என்று கத்தி எடுத்தார்கள். இன்று, பெருக்கு என்று ஆசீர்வாதம் செய்கிறார்கள். இரண்டு நாளிலும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரைப் பெண்ணின் வழக்கு

2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். புருஷன் என்றிருந்த இடத்தில் துணைவர் என்று போட்டார்கள். இருபது வாரம் வரை ஒரு டாக்டர், இருபத்துநான்கு வாரம் வரை குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர், அதற்கும் மேல் போனால், கருவில் பெரிய கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவக் குழு. இதில் எந்தக் கட்டத்திலாவது "நான் விரும்பவில்லை" என்று பெண் சொல்வதே போதும் என்று இருக்கிறதா? இல்லை. தீர்மானிப்பவர் டாக்டர். இந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே போனால் 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம் காத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பாரதிய நியாய சம்ஹிதை என்று புதுப் பெயர் சூட்டினார்கள். காலனி ஆட்சியின் கறையைத் துடைத்துவிட்டோம் என்று பெருமை பேசினார்கள். தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி என்ற பழைய ஷரத்து, 312 என்ற எண்ணை விட்டு 88 என்ற எண்ணுக்குக் குடிபோயிற்று. அவ்வளவுதான்! மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் இலங்கையிலும் இதே அச்சில் வார்த்த 1883-ன் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறெதற்கும் இடம் தராமல் நிற்கிறது.

இருபத்துநான்கு வாரச் சலுகை பெறும் பெண்களில், கர்ப்பகாலத்தில் விதவையானவளும் விவாகரத்தானவளும் உண்டு. நல்லது. ஆனால் நம் கரையில், கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால்? உடல் கிடைத்தால் விதவை. கிடைக்காவிட்டால், ஏழாண்டு செய்தி இல்லாமல் போனால்தான் இறந்தவனாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்து மீனவர்களைக் கொண்டுபோனபோது, நிவாரணம் தருவதற்கே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. கரு ஏழாண்டு காத்திருக்குமா? வாரக் கணக்கு எழுதிய டில்லி எழுத்தருக்குக் கடல் தெரியாது. 2022 செப்டம்பர் 29 அன்று சுப்ரீம் கோர்ட், இந்தப் பட்டியலைக் குறுக்கிப் படிக்கக் கூடாது, கைவிடப்பட்டவளும் மணமாகாதவளும் இதில் அடங்குவார்கள் என்று தீர்ப்பளித்தது. நாம் வரவேற்கிறோம். புருஷன் பலாத்காரம் செய்து உண்டான கருவுக்கும் இது பொருந்தும் என்றது. அதையும் வரவேற்கிறோம். ஆனால் அந்தப் புருஷன்மேல் பலாத்கார வழக்குப் போட முடியாது. அவ்விதம் போட இடம் தருவது மிகக் கடுமையாகும் என்று மத்திய சர்க்கார் 2024 அக்டோபரில் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது. கருவின்மேல் காட்டும் கரிசனத்தில் கால்வாசி கூடப் பெண்ணின்மேல் இல்லை.

2023 அக்டோபரில் நடந்த வழக்கையும் பார்ப்போம். இரண்டு பிள்ளை பெற்றவள். முந்திய பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குடும்பமோ ஏழை. பால் கொடுக்கும் காலமாதலால் கரு உண்டானதே தாமதமாகத்தான் தெரிந்தது என்றாள். 26 வாரம் ஆகிவிட்டது. ஒன்பதாம் தேதி சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. மத்திய சர்க்கார் மறுபடியும் போய் வாதாடிற்று. பதினாறாம் தேதி அனுமதி போயிற்று. பிரசவச் செலவை அரசு ஏற்கும், பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்று ஆறுதல் சொன்னார்கள். ஒரு ஏழைத் தாய்க்கு எதிராக வக்கீல் வைக்க ஒரு வாரத்துக்குள் ஓடின சர்க்கார், ஏழைத் தாய்மாருக்குத் தர வேண்டியதைத் தருவதற்கு அப்படி எப்போதாவது ஓடியதுண்டா?

பணப்பை எங்கே?

இங்கேதான் சவேரியாரின் உரைகல் வேண்டும். 2013-ல் பார்லிமெண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. கர்ப்பிணிப் பெண் ஒவ்வொருத்திக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்று எழுதியது. நாலு வருஷம் கழித்து, 2017-ல் திட்டம் வந்தது. தொகை 5,000 ஆயிற்று. ஒவ்வொருத்திக்கும் என்பது முதல் பிள்ளைக்கு மட்டும் என்றாயிற்று. 2022 முதல், இரண்டாவது பெண்ணாயிருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவி 18,000 ரூபாய். டில்லித் திட்டத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் இரண்டு பிரசவத்தோடு நின்றுவிடுகிறது. பிறக்காதபோது எல்லாக் கருவும் புனிதம். பிறந்துவிட்டால் மூன்றாவது பிள்ளைக்குக் கஜானாவில் இடமில்லை!

சம்பளத்தோடு பிரசவ லீவை 2017-ல் 26 வாரமாக உயர்த்தினார்கள். எத்தனை பேருக்கு? முதலாளியின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. மீன்கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராகப் போகிறவளின் முதலாளி யார்? தூத்துக்குடி உப்பளத்தில் அன்றாடக் கூலிக்கு உப்பு சுமக்கிறவளுக்கு லீவு கொடுப்பவர் யார்? ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் அடுப்பு எரியாது.

பணக்காரிக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. அவளுக்குக் குடும்ப டாக்டர் உண்டு, தனி ஆஸ்பத்திரி உண்டு, வெளியூர் உண்டு, வெளிநாடும் உண்டு. சட்டம் எவ்வளவு இறுகினாலும் அவள் கழுத்தில் விழாது. ஏழைதான் மருந்துக்கடைப் பின்வாசலில் நிற்கிறாள். 2015-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவானவையே ஆஸ்பத்திரிகளில் நடந்தன. மீதி பெரும்பாலும் மாத்திரையை வாங்கித் தானே விழுங்கியவை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்ற கதைதான். தடை கருக்கலைப்பைக் குறைக்கவில்லை, மறைக்கிறது. மறைவில் நடப்பதற்கு விலை, ஏழையின் இரத்தம்.

"உயிர் அல்லவா?" என்பாருக்கு

பக்தியோடு கேட்கிறவர்களுக்குப் பணிவோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கரு உயிர் என்று நம்பி, எந்தக் கஷ்டம் வந்தாலும் பெற்றே தீருவேன் என்று முடிவு செய்யும் தாயை நாம் கைகூப்பி வணங்குகிறோம். அவளுக்குக் கூழும் மருந்தும் கூலியும் கேட்டுப் போராட நாமே முன்னால் நிற்போம். பெற்றுக்கொள் என்று நிர்ப்பந்திப்பதும் கலைத்துக்கொள் என்று நிர்ப்பந்திப்பதும் ஒரே அக்கிரமம். நம்பிக்கை அவள் மனசாட்சியைச் சேர்ந்தது. போலீஸ் ஸ்டேஷனைச் சேர்ந்தது அல்ல. 1968-ல் போப் ஆறாம் பவுல், செயற்கைக் கருத்தடையே கூடாது என்று நிருபம் எழுதினார். நம் நாட்டுக் கிறிஸ்தவத் தாய்மாரின் சராசரிப் பிள்ளை எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. கோவிலையும் விடவில்லை, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டார்கள். மனசாட்சியோடு முடிவெடுக்க அவர்களுக்குத் தெரியும்.

பெண் கரு என்று பார்த்து அழிப்பதை நாம் ஆதரிக்கவில்லை. அது பெண்ணின் உரிமை அல்ல. பெண்ணினத்துக்கே எதிரான குற்றம். உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கதி 1980-களில் நாடெங்கும் தெரிந்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமும், 1994-ல் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் வந்தன. வேண்டியவைதான். ஆனால் அந்த நோயின் வேர் எங்கே? வரதட்சணையில்! கருவின் பேரால் கண்ணீர் விடும் எத்தனை தலைவர்கள் தம் வீட்டுக் கல்யாணத்தில் நகைக் கணக்குக் கேட்காமல் இருந்தார்கள்? வரதட்சணையை வாங்கிக்கொண்டு சிசுவுக்காக அழுகிறவன், படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பதற்குச் சரியான உதாரணம்.

நம் வீட்டுத் திண்ணை

பிறரை மட்டும் உரசிவிட்டுப் போனால் போதாது, தோழர்களே! நம் திண்ணையையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 38. ஆண்கள்? நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஆயிரத்துக்கு மூன்று பேர்! ஆணுக்குச் செய்வதோ எளிய அறுவை; சில நிமிஷ வேலை. இருந்தும், மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, கத்தி என்றதும் மனைவியை முன்னால் தள்ளிவிடுகிறோம். வேண்டாத கரு வானத்திலிருந்து விழுவதில்லை. அதில் பாதிப் பொறுப்பு ஆணுடையது. பழியில், செலவில், அலைச்சலில் பாதியை அவன் ஏற்கிறானா? தன் மகள் தவறிவிட்டாள் என்றால் அரிவாளைத் தூக்குகிறவன், தன் மகன் செய்ததற்குப் பணம் கொடுத்து வாயை மூடப் பார்க்கிறான். டிம் மர்பி அமெரிக்காவில் மட்டும்தான் இருக்கிறாரா?

நாம் கேட்பது

மணப்பாட்டுக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வானத்துக்கு வழி போடத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு கரைப் பெண் கூச்சப்படாமல், பயப்படாமல் ஆஸ்பத்திரிப் படி ஏற வழி போடத் தெரியாதா?

நாம் கேட்பது அதிகமல்ல. குறிப்பிட்ட வாரம் வரை பெண்ணின் சொல்லே போதும் என்று சட்டம் சொல்லட்டும். கருக்கலைத்த பெண்ணைக் குற்றவாளியாக்கும் 88-வது ஷரத்தை எடுத்தெறியட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலே, ரகசியம் காக்கும் டாக்டரும் மருந்தும் இருக்கட்டும். 2013-ன் சட்டம் சொன்ன தொகையை, முதல் பிள்ளை மூன்றாம் பிள்ளை என்று பாராமல், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கட்டும். மீன்கூடைக்காரிக்கும் உப்பளக்காரிக்கும் பிரசவகாலக் கூலி கிடைக்கட்டும்.

இவற்றைச் செய்துவிட்டு, பிள்ளை பெறுங்கள் என்று எந்தத் தலைவர் வந்து சொன்னாலும் காது கொடுத்துக் கேட்போம். செய்யாமல் வந்து, கருவின் புனிதத்தைப் பற்றி நம் தெருவில் பேசினால், தோழர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஐயா, பிறந்த பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள்?"